பதினோரு காலி நாள்கள்

சின்ன காஞ்சிபுரம் ஹயக்ரீவனுக்குப் பனி என்றால் மார்கழியில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்வதுதான். அப்பேர்ப்பட்டவர், இமயமலைச் சுரங்கப்பாதை ஒன்றுக்குள் குளிர் எதுவரை புகும் என்று கணக்குப் போட்டார். கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவருக்குச் சென்னை நிறுவனம் ஒன்று கொடுத்த வேலை. மனைவி ரமாமணி பேரனைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போய் எட்டு மாதமாகியிருந்தது. வீட்டில் பேச்சுத்துணைக்குக் கணினிதான்.

மலையில் நாளைக்கு எத்தனை டிகிரி என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. எனவே அங்கே ஒரு ஆள் தினமும் வெளியே போய் அளந்து எழுதிய இரண்டு வருடக் குளிர்ப் பதிவேட்டை வைத்து, இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று ஆயிரம் குளிர்காலங்களைக் கற்பனை செய்து கணினியில் ஓட்டினார். வாயிலிலிருந்து முந்நூற்றெண்பது மீட்டர் வரை சுவருக்குக் குளிர் தடுக்கும் உறை போட்டால் போதும், அதற்கப்பால் கசியும் நீர் உறையாது என்று விடை வந்தது. தப்பினால் சாலையில் பனிக்கட்டி கட்டி வண்டி சறுக்கும். அறிக்கையை அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

அந்தப் பதிவேட்டில் ஜனவரியில் பதினோரு நாள் காலியாக இருந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. கருட சேவையன்று இந்த ஊரில் யார் ஆபீஸுக்குப் போகிறார்கள்? அங்கேயும் ஏதோ உற்சவம் என்று நினைத்து, மாதச் சராசரியைப் போட்டு நிரப்பியிருந்தார்.

அறிக்கையை அனுப்பிய கையோடு, அந்த 2004 வைகாசியில், அவருக்குக் கடும் காய்ச்சல். நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. கருட சேவையில் பெருமாள் தெருவோடு போனார், ஊரே பின்னால் போனது. கூடத்தில் டெலிபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு வாய் வெந்நீர் கொடுக்க ஆளில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ரமாமணி மறுபடி கூப்பிட்டாள். "நாலு நாளா போனை எடுக்கலையே. உற்சவத்துல இருப்பேள்னு விட்டுட்டேன்."

"ஆமா, நல்ல கூட்டம்," என்றார்.

போனை வைத்ததும் திக்கென்றது. தான் கிடந்த கிடப்பு அவளுக்கு உற்சவமாகிவிட்டதே. அப்படியானால் மலையில் பதிவேடு எழுதிய அந்த ஆள்? உடனே நிறுவனப் பொறியாளர் உமாபதியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பனிப்புயல் சார். கதவையே தெறக்க முடியலியாம். ஒத்த ஆளு, பதினோரு நாளும் உள்ளியே கெடந்துக்கினு இருந்தானாம்."

"அச்சை நிறுத்துங்கோ. தப்பு என்னோடது."

இருப்பதிலேயே கொடிய நாள்களைத்தான் அவர் சராசரியாக்கியிருந்தார். அந்தப் பதினோரு நாளுக்கும் பதிவேட்டிலேயே கடுமையான குளிரைப் போட்டுத் திரும்ப ஓட்டியபோது ஐந்நூற்றறுபது மீட்டர் வந்தது. மாலைக்குள் அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் ரமாமணி கேட்டாள். "கருட சேவை நன்னா ஆச்சா? பெருமாளுக்கு என்ன மாலை சாத்தியிருந்தா?"

பார்த்த மாதிரியே சொன்னார்.