ருசி பார்த்ததும் காபிதான்

1. டபரா ஆடிய காலை

கையில் இருந்த டபரா, டம்ளரோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. எதிரே நின்றவர் பக்கத்து ஸ்கூல் டீச்சர், தினமும் வருகிறவர். "என்ன ஞானம் ஆன்ட்டி, காபி எனக்கா, தரைக்கா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிற்க முடியவில்லை, உட்காரவும் மனசில்லை. பாய்லருக்கும் கவுண்டருக்கும் நடுவில் காரணமில்லாமல் நடந்துகொண்டே இருந்தேன்.

தெலுங்கு பேசுகிற ஊரான மாரெட்பள்ளியில் இருக்கும் அந்த டிபன் கடையில் காபி கவுண்டர் என்னுடையது. முதலாளி ரமணன், சேலத்துப் பக்கம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர். தோசைக்கல்லில் எல்லய்யா, இந்த ஊர்க்காரன். டிகாஷனுக்கு நான். இந்த ஊர்க்காரர்கள் சாய் குடித்தே வளர்ந்தவர்கள். அவர்களை எங்கள் கடையில் காபி கேட்க வைத்தது என் கை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

என் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பில்டரில் டிகாஷன் இறங்கினதும், பால் சேர்க்கும் முன்னாடி, சின்ன டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, உதட்டில் படாமல் தூக்கி வாயில் விட்டுக்கொள்வேன். பொடி பழசா, தண்ணீர் சூடு பத்தலையா, சிக்கரி தூக்கலா, எல்லாம் நாக்கு சொல்லிவிடும். சரியில்லாத டிகாஷன் கவுண்டருக்கு வராது, கொட்டிவிடுவேன். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை ஒவ்வொரு பில்டருக்கும் இதே கதைதான்.

2. டாக்டரம்மாவுக்குச் சொன்ன பதில்

எனக்கு சுகர் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். டபரா ஆடின மறுநாள் எங்கள் தெரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான், வீட்டில் தமிழ் பேசுகிறவர்.

"ஆன்ட்டி, காபி எவ்ளோ குடிப்பீங்க?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுவும் சர்க்கரை போடாம."

"தூக்கம்?"

"படுத்தா கண்ணு மூடுது, மனசு மூட மாட்டேங்குது."

"காபியக் குறைச்சுப் பாருங்க. அதுல இருக்கிற காபீன் படபடப்பு, நடுக்கம் எல்லாம் கொடுக்கும். சில பேருக்கு சுகரையும் ஏத்தும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு."

சாயங்காலக் காபியை நிறுத்தினேன். ஒன்றும் மாறவில்லை. காலையில் சுகர் ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். கடையில் ருசி பார்க்கிற டிகாஷனை நான் அவரிடம் சொல்லவே இல்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. அது நினைப்பிலேயே வரவில்லை. வேலைக்கு ஊற்றிப் பார்ப்பது எப்படிக் குடிப்பதாகும்? குழம்பில் உப்புப் பார்த்தவரைச் சாப்பிட்டாச்சு என்று யாராவது சொல்வார்களா?

3. ஃபேன் இருக்கிற இடம்

ஒருநாள் கை ஆடியதில் கொஞ்சம் பால் மேடையில் கொட்டியது. ரமணன் பார்த்துவிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கொதிக்கிற பால் பக்கத்துல இந்தக் கையோட நிக்கிறது எனக்கு பயமா இருக்கு. பில் கவுண்டர்ல உக்காந்துக்குங்களேன். ஃபேன் கூட இருக்கு."

"காத்து வாங்கவா நான் வேலைக்கு வர்றேன்?"

"இன்னொரு தடவை கொட்டிச்சுன்னா கேக்க மாட்டேம்மா, மாத்திடுவேன்."

பில் மெஷினில் எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அங்கே உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் 'இது என்ன பட்டன்' என்று கேட்கவேண்டும். இந்த வயசில் அது நக்கோ, வேண்டவே வேண்டாம். என் இடம் பாய்லர் பக்கம். அதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கை நடுங்கினால் ரமணன் கண்ணில் படாமல் டபராவை டிரேயில் வைத்துத் தள்ளப் பழகிக்கொண்டேன்.

4. பாய்லர் சூடு

ஒரு லீவு நாள். கடையில் நிற்க இடமில்லை. காலையில் மாத்திரை போட்டேன், இட்லியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். டிகாஷன் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பசியும் தெரியாது. பில்டர் மேல் பில்டர் இறக்கினேன். கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது கை ஆட ஆரம்பித்தது. காபி நடுக்கம்தான், தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று நினைத்தேன். டாக்டரம்மாவே சொன்னதுதானே. தண்ணீர் குடித்தேன். போகவில்லை. முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது.

தோசைக்கல்லிலிருந்து எல்லய்யா எட்டிப் பார்த்தான். "அம்மா, ஏமைந்தி? என்னாச்சு? மொகம் வெளுத்துப் போச்சே."

"ஒண்ணுமில்லப்பா. பாய்லர் சூடு."

"பாய்லர் ஆஃப்ல உந்தி அம்மா!" என்றான். அது அணைந்துதான் இருந்தது.

"கத்தாதய்யா. ரமணன் காதுல விழப்போகுது."

பில்டர் மூடி என் கையில் இருந்தது. அதை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. எல்லய்யா தோசைக்கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி என் வாய்கிட்டே கொண்டுவந்தான்.

"எனக்கு சுகர்யா! சர்க்கரை நக்கோ!"

"அதுக்குத்தாம்மா தர்றேன்! எங்க நாயனாவுக்கு, அப்பாவுக்கு, சுகர் இறங்கினா இப்டித்தான் ஆவும். குடிங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க!"

குடித்தேன். சத்தம் கேட்டு ரமணன் வந்தார். என் பையில் இருந்த சுகர் பார்க்கிற மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். "அம்மா, சுகர் ரொம்ப லோ. நாங்க பாக்கலன்னா கொதிக்கிற பால் மேலயே விழுந்திருப்பீங்க." கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. இரண்டு இட்லியை என் முன்னால் வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

5. நாக்கை விட்டுக்கொடுத்தது

சாயங்காலம் ரமணனே கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ருசி பார்க்கிற வழக்கத்தை அவர்தான் டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"அய்யோ ஆன்ட்டி! அந்த மடக்கையெல்லாம் சேர்த்தா ஒரு செம்பு வருமே! அதுவும் காபிதான். அன்னைக்கு டபரா ஆடினது அதனாலயா இருக்கலாம். இன்னைக்கு ஆடினது, மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்ததால. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூஞ்சியப் பாத்து எனக்கே சொல்ல வராது. குத்திப் பாத்தாத்தான் தெரியும்."

மாத்திரை அளவையும் பார்த்து எழுதிக் கொடுத்தார். "ருசி பாத்தே ஆகணும்னா வாயில வச்சுட்டுத் துப்பிடுங்களேன்" என்றார்.

"சமையல்கட்டிலயா? ஜனங்க குடிக்கிற எடத்துலயா?"

ரமணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார். "அப்போ பில் கவுண்டர்தானேம்மா?"

அவர் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருந்தபோதே பதிலை யோசித்துவிட்டேன். "காலையில சாப்டுட்டு, முதல் டிகாஷன மட்டும் நான் பாக்கிறேன். மத்ததெல்லாம் எல்லய்யா பாக்கட்டும். கவுண்டர விட்டு நகர மாட்டேன்."

"அவன் சாய் ஆளும்மா!"

"நாக்கு இருக்குல்ல?"

"மறுபடி கை நடுங்குச்சுன்னா?"

"உங்க முன்னாடியே குத்திப் பாக்கிறேன். லோன்னா உக்காந்துடறேன். பால நீங்க பாத்துக்குங்க."

ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். அப்புறம், "சரிம்மா" என்றார்.

மறுநாள் எல்லய்யா ஒரு மடக்கு வாயில் விட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தான். "அய்யய்யோ, கசப்பு!"

"காபி கசக்கத்தான்யா செய்யும். எங்க கசக்குது, நாக்குலயா, தொண்டையிலயா?"

யோசித்தான். இன்னொரு மடக்கு விட்டுக்கொண்டான். "தொண்டைல அம்மா. போவ மாட்டேங்குது."

கொட்டச் சொன்னேன். அடுத்த பில்டருக்குச் சிக்கரியைக் குறைத்தேன். அதை ருசி பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கும் கொள்வதில்லை.

கடையிலோ ஹோட்டலிலோ ருசி பார்க்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேலைக்காக வாயில் விட்டதா, ஆசைக்காக விட்டதா என்று உடம்பு பார்ப்பதில்லை. டாக்டர் கேட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கை நடுங்கினால் காபி என்றும் சூடு என்றும் நீங்களே பெயர் வைக்காதீர்கள், சுகர் இருந்தால் குத்திப் பாருங்கள். இடம் போய்விடும் என்று மறைக்கவும் செய்யாதீர்கள். மறைத்த அன்றைக்குத்தான் எனக்கு இடமும் உயிரும் சேர்ந்து போகப் பார்த்தது. இப்போது எல்லாருக்கும் தெரியும். கவுண்டரில் நான்தான் நிற்கிறேன்.