மாமனை மேடைக்கு அனுப்புங்க

போன மாதம் லீவில் போடிக்குப் போயிருந்தேன். துபாயில் என் பிழைப்பு என்னவென்று இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — நட்சத்திர ஹோட்டலில் ஈவென்ட்ஸ் மேனேஜர். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் ஓடுவேன். ஆனால், ஒரு நாற்காலியில்கூட உட்கார மாட்டேன்.

தொழிலில் முதல் பாடமே அதுதான். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், பின்சுவர் ஓரம். விருந்தாளிகள் கண்ணில் படாதவன்தான் நல்ல மேனேஜர்.

ஊருக்குப் போனது எதற்கு? தங்கை செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. மூன்று வயது முடிந்துவிட்டது. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு திரிய, இவளுக்கு மட்டும் வெறும் காது. காரணம் நான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்; அந்த மாமனுக்கு இரண்டு வருஷமாக லீவு கிடைக்கவில்லை. மாமியார் வீட்டில் எத்தனை பேர் கேட்டும், எங்கண்ணன் வரட்டும் என்று சொல்லியே செல்வி நாளைத் தள்ளியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட விசேஷத்தைச் சும்மா விட முடியுமா? எக்ஸெல் ஷீட் போட்டேன். நிமிஷ வாரியாக வேலை, எதிரில் பொறுப்பாளர் பெயர். பந்திக்கு சித்தப்பா. வாசலுக்கு அவர் மகன். மேடைக்கு மாப்பிள்ளை, அதாவது செல்வியின் கணவர். எல்லோரும் காதில் இயர்போனோடு ஒரே கான்ஃபரன்ஸ் காலில்! மாப்பிள்ளை ஏலக்காய் வியாபாரி, அமைதியான மனுஷன். "எதுக்கு மச்சான் இம்புட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அன்று காலை கறுப்புச் சட்டையில் மண்டபத்தில் ஆஜரானேன். செல்வி மேலும் கீழும் பார்த்தாள். பட்டு வேட்டி பையில் இருக்கிறது, அப்புறம் மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

அந்த அப்புறம் வரவே இல்லை. மலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்த ஜீப்புகள் இரண்டும் போடிமெட்டு வளைவில் ஒரு லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. அவர்களுக்குப் போன் போட்டபடியே சீர்த்தட்டு வரிசையை மேளத்தோடு உள்ளே அனுப்பிவிட்டு, நான் வாசலில் ஒதுங்கிக்கொண்டேன். ஆமாம்... மாமன் சீர், மாமன் இல்லாமலேயே மண்டபத்துக்குள் போயிற்று.

நல்ல நேரம் பத்தரை வரை. பத்து இருபதுக்கு ஷீட்டைப் பார்த்தேன். ஆசாரி தயார் — டிக். குழந்தை தயார் — டிக். தாய்மாமன்... எதிரில் பொறுப்பாளர் பெயரே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷீட்டைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். போனில் கறாராகச் சொன்னேன்: "மாமனை உடனே மேடைக்கு அனுப்புங்க."

லைனில் மாப்பிள்ளையின் குரல் நிதானமாக வந்தது.

"மச்சான்... அது நீங்கதான்."

ஓடினேன். மேடையில் செல்வி கண் கலங்கி நின்றாள். மாமியார் வீட்டுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக அவள் யார் பேரைச் சொல்லி அவர்களிடம் மல்லுக்கட்டினாளோ, அந்த ஆள் கறுப்புச் சட்டையில் மூச்சிரைக்க நிற்கிறான். வெட்கமாக இருந்தது.

"மொதல்ல காதுல இருக்கறதக் கழட்டுண்ணே" என்றாள். "நீ சோலி பாக்க வந்தியா, மாமனா வந்தியா?"

கழற்றினேன். மாப்பிள்ளை தன் பட்டுத் துண்டை எடுத்து என் சட்டைக்கு மேல் போர்த்தினார். பத்து வருஷ சர்வீஸில் ஒரு விசேஷத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. யாழினியை மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் நடந்தது எதுவும் என் ஷீட்டில் இல்லை.

ஜீப்புகள் எப்போது வந்தன, பந்தி எப்படி நடந்தது? தெரியாது. யாரும் பசியோடு போகவில்லையாம்.

இப்போது மறுபடியும் துபாய், பின்சுவர் ஓரம். நேற்று செல்வி போட்டோக்களை அனுப்பியிருந்தாள். அத்தனையிலும் நான் இருப்பது ஒரே ஒரு படத்தில்தான். காதில் புதுத் தோடு மினுங்க, யாழினி என் மடியில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அழுதுகொண்டிருப்பது மாமன்.