கொடியில் வளரும் பையன்

நனைத்த சட்டையைக் கிளாவா அத்தை உதற மாட்டார். உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பிழியாமல் தூக்கி, சொட்டச் சொட்டக் கொடியில் போடுவார். கீழே முற்றத்தில் போகிறவர் தலையில் ஒரு துளியாவது விழ வேண்டும். கிளிப்பை உதட்டில் கவ்வியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் அவரிடம் பேச்சு இருக்காது. சோப்பு கிடையாது. “போட்டு அழுக்காக்க ஆளு எங்க இருக்கு, சோப்பு போட?” என்பார், கிளிப்பை எடுத்ததும்.

அந்தச் சட்டை அவர் வீட்டுச் சட்டை அல்ல. அவர் நிற்கும் பால்கனியும் அவருடையது அல்ல. கிளாவா என்பதும் அவர் பெயர் அல்ல, நான் வைத்தது. கிழக்கு உக்ரைனில் எங்கள் ஊர் எது என்றும் எழுதப்போவதில்லை.

ரஷ்யர்கள் ஊருக்குள் வந்த பிறகு எங்கள் கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். போகிறவர்கள் பூனையை ஒருவரிடமும் சாவியைக் கிளாவா அத்தையிடமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆளில்லாத வீடு என்று தெரிந்தால் புது நிர்வாகத்தின் குழு வந்து கதவில் தாள் ஒட்டும். உரிமையாளர் நேரில் வர வேண்டும். வராவிட்டால் வீடு நிர்வாகத்துக்கு. போனவர்கள் எப்படி வருவார்கள்? அதனால் ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்து அத்தை திரைச்சீலையை விலக்குவார், விளக்கைப் போடுவார், அலமாரியில் விட்டுப்போன துணிகளை நனைத்துக் கொடியில் போடுவார்.

ஓய்வு பெறும்வரை குழாய் ஆலையில் கிரேன் ஓட்டியவர். கூரைக்கடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தே வயதானதால் மனிதர்களை மேலிருந்து பார்த்துத்தான் பழக்கம். “மூஞ்சி எல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது தம்பி. உச்சந்தலையக் காட்டு, யாருன்னு சொல்றேன்.” படிக்கட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். உள்ளங்கையை மேலே காட்டினால் ஏறி வா. முஷ்டியை மடக்கினால் நில். எல்லாம் ஆலைச் சைகைகள்.

எங்கள் ஊரில் ஆலைதான் முதலில் வந்தது. உலைக்குப் பக்கத்தில் தூங்க இடம் வேண்டியிருந்ததால் ஊர் வந்தது. முந்தைய போரில் ஜெர்மானியர்கள் வந்தபோது காலியாகி, அவர்கள் போனதும் எங்கெங்கோ இருந்து வந்தவர்களால் திரும்பவும் நிரம்பியது. அத்தையின் அம்மா அப்படி நிரப்ப வந்தவர். இப்போது உலை அணைந்து கிடக்கிறது. வானம் சுத்தமாக இருக்கிறது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. நிர்வாகத்தின் விளம்பரப் பலகையில் மக்கள்தொகை ஏறிக்கொண்டே போகிறது. அத்தை அதைப் படிப்பதில்லை. இருட்டியதும் முற்றத்தில் நின்று எந்தெந்தச் சன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்.

போன வசந்தத்தில் ஒரு நாள் மூன்றாம் மாடியில் லெஸ்யாவின் வீட்டு முறை. லெஸ்யாவும் மகன் ஒஸ்தாப்பும் போலந்தில் இருக்கிறார்கள். நான் வாளி தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். கீழே குழு வந்து நின்றது. அதிலிருந்த ஒருவன் கையில் பிடித்திருந்த தாளில் சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தான்.

“யாரு வீடு அது?”

“குடியிருக்கிற வீடுதான் தலைவரே. பையன் சட்டை காயுது, தெரியல?”

“போன வருஷமும் இதே டைனோசர் சட்டைதான் தொங்குச்சு. உங்க பையன் வளரவே மாட்டானா?”

நான் வாளியோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அத்தை கம்பியைப் பிடித்துக் குனிந்தார். “நீங்க விக்கிற ரொட்டியத் தின்னுட்டு எவன் வளருவான்? நீயே பாரு, எப்படி வத்திப்போய் நிக்கிற!”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் அரைகுறையாகச் சிரித்து, தாளை உதறிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனான்.

அத்தை பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கவில்லை. “அவன் கேட்டது நெசம்தானே தம்பி. புள்ள அங்க வளர்ந்துக்கிட்டிருக்கான். இங்க நான் அவன வளர விடல.”

அன்றே லெஸ்யாவுக்குப் போன் போட்டார். “வேற எதுவும் கேக்கல. எவ்வளவு ஒசரம் இப்போ?” அந்தப் பக்கம் லெஸ்யா பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு நிற்கச் சொல்வது கேட்டது. பிறகு, “என் காதுக்கு வந்துட்டான் அத்தை.” அத்தை போனைப் பிடித்தபடியே இன்னொரு கையைத் தன் காதோரம் வைத்து அளந்து பார்த்தார்.

டைனோசர் சட்டை அலமாரிக்குப் போனது. வேறு வீட்டிலிருந்து கட்டம் போட்ட சட்டை வந்தது. கோடையில் கால்பந்துச் சட்டை, முழங்கால் கிழிந்த நீளக் காற்சட்டை. முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பழைய வெல்டர் புரோகிப் கேலி செய்வார்: “ஏ கிளாவா, பையனுக்கு மீசை வந்துடுச்சா?”

“அடுத்த மாசம் ரேசரே தொங்கவிடறேன். கடன் வாங்கிச் செரச்சுக்க, மூஞ்சியப் பாக்க சகிக்கல.”

என்னையும் விடமாட்டார். “இவன் புஸ்தகத்தக் கட்டிக்கிட்டே தூங்கறான். அதுல எந்தக் கவிதையாவது எந்திரிச்சு சூப்பு வச்சுத் தருதா?” நான் சிவந்துபோவேன். கீழ் வாசல் மருந்துக் கடைப் பெண்ணிடம் இருமல் மருந்து கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் நானும் சாவி கொடுத்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது அத்தை என் பால்கனியில் நின்றிருந்தார். கையாட்டவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல, மிக மெல்லக் கீழே கொண்டுவந்தார். பாரத்தை அலுங்காமல் இறக்கு என்பதற்கான சைகை அது.

போன மாதம் புரோகிப், நான் இப்போது இருக்கும் வார்சாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். என் பால்கனியில், என் இரண்டு சட்டைகளுக்கு நடுவே பூப்போட்ட கவுன் ஒன்று தொங்குகிறதாம். இலையுதிர்காலத்திலிருந்து, ஓரமாக, விரல் நீளத்தில் ஒரு ஜோடிக் குழந்தைக் காலுறையும்.