ராத்தா தந்த தயிரும் நான் ஓட்டிய விமானமும்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலை சீனன்குடா விமானத் தளத்தில் நடந்தது இது. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டப் பழகி, அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். பழகிய இரத்மலானை விமான நிலையத்திலேயே ஏறி இறங்கினால் அனுபவம் வராது, தெரியாத ஓடுபாதையில் போய் இறங்குங்கள், ஆளை ஏற்றிப் பழகுங்கள் என்று பயிற்றுநர் ஓயாமல் சொல்லுவார். என்னோடு லைசென்ஸ் எடுத்த நண்பனும் நானும் சீனன்குடாவுக்குப் போய்வர அனுமதி வாங்கினோம். போகும்போது அவன் ஓட்டுவான், வரும்போது நான். இரண்டு பேர் மட்டும் ஏறக்கூடிய சின்ன விமானம்.

சீனன்குடாவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். என் ராத்தாவைப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணியில் கட்டிக்கொடுத்திருந்தோம். தம்பி விமானம் ஓட்டுவதை அக்காள் பார்க்காவிட்டால் லைசென்ஸ் எடுத்து என்ன பயன்? தந்தி அடித்துவிட்டேன்.

ரயில் பாதையைக் கீழே பார்த்துக்கொண்டே போய், பிசகில்லாமல் இறங்கினோம். காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ராத்தா உள்ளே வந்து நின்றாள். கூடவே தயிர்ச்சட்டிகள், ஒரு மூட்டை அரிசி, ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு, பெரிய பெரிய வத்தகப்பழங்கள். எல்லாம் கொழும்பில் என்னோடு இருந்த உம்மாவுக்கு. உம்மா நடமாட ஏலாமல் படுத்தபிறகு ராத்தா அவவைப் பார்க்கவேயில்லை.

எங்கள் பக்கத்தில் யாரையும் வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமில்லை. பாரம் கூடிவிட்டது என்று எனக்குத் தெரியாமலில்லை. நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் சாமான்களை இருக்கைகளுக்குப் பின்னால் அடுக்கினேன். இடமில்லாத ஒரு சட்டியை அவன் மடியில் வைத்துக்கொண்டான்.

ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில், நான் இயக்குத்தடியை இழுக்காமலேயே விமானத்தின் மூக்கு தானாக மேலே எழும்பியது. பாரமெல்லாம் வால் பக்கம். இரண்டு கையாலும் முன்னுக்குத் தள்ளினேன், அடங்கவில்லை. தரையை விட்டுக் கிளம்பித் தள்ளாடியது. "எஞ்சினைக் குறை" என்றான் நண்பன். குறைத்தேன். தொப்பென்று விழுந்து, துள்ளி, ஓடி நின்றது. நீளமான ஓடுபாதை என்பதால் பிழைத்தோம். நண்பனின் சட்டை முழுக்கத் தயிர். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்ததும் ராத்தா கிட்ட ஓடிவந்தாள்.

"என்ன தம்பி, ஏதும் மறந்திட்டியா?"

"சாமானை இறக்கோணும் ராத்தா. இவ்வளவோட பறக்க ஏலாது."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "உம்மாக்கு நான் குடுக்கிறதா உனக்குப் பாரம்?"

"ஓம் ராத்தா. இப்ப செத்திருப்பம்."

அவள் நண்பனின் சட்டையைப் பார்த்தாள். பிறகு தானே மூட்டையை இழுத்து இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. "முதலே சொல்லியிருந்தா நான் என்ன சண்டையா பிடிச்சிருப்பன்?" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நாங்கள் பத்திரமாகக் கொழும்பு வந்து சேர்ந்தோம். சில நாளில் ராத்தா ரயிலேறி, தயிர்ச்சட்டியோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். உம்மா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதா.

அதன்பிறகு எத்தனையோ ஓடுபாதைகளில் ஏறி இறங்கிவிட்டேன். ஆனாலும் அன்போடு நீட்டுகிறவரின் முகத்தைப் பார்த்து ‘ஏலாது’ என்று சொல்வது இன்றைக்கும் எனக்கு லேசில் வருவதில்லை, வராவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.