சாஸ் ஆலையும் நமது நிருபரும்

யுவராணி பாலக்கோட்டில் ‘நாட்டொளி’ நாளிதழின் பகுதிநேர நிருபர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் மண்டியில் தக்காளி விலை, மதியம் சாலை மறியல், சாயங்காலம் எங்காவது டிராக்டர் கவிழ்ந்த செய்தி. பேர் வராது, எதற்கும் ‘நமது நிருபர்’தான். ஆனாலும் ‘பேப்பர்காரம்மா’ என்றால் ஊரில் தனி மரியாதை.

மரியாதை பத்திரிகையால் வந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு அதை ஆரம்பித்தவர் ஒரே ஒரு சட்டம் வைத்தார்: யார்மேல் குற்றம் சொன்னாலும் அவரையும் கேட்டு எழுது. அவருடைய பேரன்கள் போன வருடம் பத்திரிகையை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்குப் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி சாஸ் ஆலையும் இருந்தது. பிடித்தது சனி!

ஆலைக்குக் கீழே கிணறுகள் நாறின. அங்கே தக்காளிக் காடு வைத்துப் பயிர் செய்யும் சென்னம்மாள் ஒரு குடத்தைக் கொண்டுவந்து யுவராணி முன்னால் வைத்தாள்.

“மோந்து பாரும்மா. எம் மவ இதக் குடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரில கெடக்கறா. எழுதுவியா, மாட்டியா?”

எழுதி அனுப்பினாள். மாவட்டப் பக்கத்தின் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் தர்மபுரியிலிருந்து கூப்பிட்டார்.

“ஆலைக்காரங்களக் கேட்டியாம்மா?”

“போனே எடுக்க மாட்டேங்கறாங்க சார்.”

“கேக்காம போடக் கூடாதுன்னு மேல கறாரா சொல்லிட்டாங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயத்துக்காக வைத்த சட்டத்தைக் கொண்டே வாயை அடைக்கிறார்களே! மறுநாள் நேரே ஆலைக்குப் போய் நின்றாள். அடையாள அட்டையைப் பார்த்ததும் காவலாளி சலாம் வைத்தான். மேனேஜர் காபி வரவழைத்தார்.

“தண்ணி விஷயமா உங்க பதில் வேணுங்க. ரெக்கார்டு பண்றேன், செய்தில வரும்” என்று போனை மேசைமேல் வைத்தாள்.

“தாராளமா பண்ணுங்க. நம்ம பேப்பர்தானே! மழை பேஞ்சா கழிவுத் தொட்டி ரொம்பிடுது, ஓடைல தொறந்து வுட்டுடறோம். புதுத் தொட்டி கட்டற வரைக்கும்தான். பாத்து நல்லவிதமா எழுதிருங்க.”

அடக் கடவுளே! அந்த மனிதர் பத்திரிகையை ஆலையின் நோட்டீஸ் போர்டு என்றே நினைத்துவிட்டார்.

பதிவை அனுப்பினாள். தமிழ்ச்செல்வன், “கேட்டேன்” என்று ஒற்றை வார்த்தை அனுப்பியதோடு சரி. செய்தி வந்தால் அவள் வேலை போகும்; வராவிட்டால் சென்னம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது?

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டைப் பிரித்தாள். செய்தி வந்திருந்தது! மேனேஜரின் பதில் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. ஆனால் ‘நமது நிருபர்’ இல்லை. அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் ‘தமிழ்ச்செல்வன்’.

“நாயா அலைஞ்சது நானு, பேரு உங்களுதா சார்?” என்று போனில் கத்தினாள்.

“நீ போய்க் கேட்டுட்டு வந்த, அவ்வளவுதான். எழுதினது யாருன்னு பேரே இருக்குதே. இனி உன்னய யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா.”

போனில் அவர் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்யும் சத்தம் கேட்டது.

“தக்காளி வெல இன்னும் வரல பாரு. புதுசா வர்றவங்க கேப்பாங்க, சீக்கிரம் அனுப்பிரு” என்றார் அவர்.