ஏதாவதுன்னா சொல்லுங்க

எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பஸ் கண்டக்டர் கலியாணசுந்தரம் அண்ணனுக்கு நான் வைத்த பெயர் கிராமபோன். அவரிடம் மொத்தம் மூன்றே தட்டுகள். பஸ்ஸில் யார் ஏறினாலும் முதல் தட்டு: "எப்படி இருக்கீங்க, சாப்டாச்சா?" பதில் வரும்வரை நிற்கமாட்டார். டிக்கெட் கிழிக்கும்போது இரண்டாவது: "எல்லாம் சரியாப் போயிடும்." இறங்கும்போது மூன்றாவது: "ஏதாவதுன்னா சொல்லுங்க, நான் இருக்கேன்." ஒரு முறை ஒருவர் கோழியை அணைத்துக்கொண்டு இறங்கினார். கோழியைப் பார்த்தும் சொன்னார்.

அவர் குரல் எனக்கு அப்படியே வரும். பின்படியில் நின்று அவர் குரலில் "ரைட்" சொல்லி, அவரைக் கீழேயே விட்டுவிட்டு இரண்டு முறை பஸ்ஸைக் கிளப்பியிருக்கிறேன். டிரைவர் தேவதாஸ் அண்ணன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்து பத்து நாள் இருக்கும். கடைத்தெருவில் கொடித் தோரணம்கூட அவிழ்க்கவில்லை. கலியாணசுந்தரம் அண்ணனின் மனைவி பாக்கியலட்சுமி அக்காவுக்கு வீட்டிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. குழந்தை அழுதது, அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. காலையில் அக்கம்பக்கமான நானும் அம்மாவும் அண்ணனோடு போய் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க. யார் ரத்தம் சேருதுன்னு பாக்கணும். மத்தியானத்துக்குள்ள வேணும்" என்றார் டாக்டர். அண்ணன் ரத்தம் சேரவில்லை. என் அம்மாவுடையதும் சேரவில்லை. எனக்கு வயது போதாது என்று விரட்டினார்கள்.

அம்மா என்னைத் தனியே இழுத்தாள். "கோகிலா, நீயும் கூடப் போடி. அந்த மனுசன் வழியில நின்னு பேசிக்கிட்டே இருப்பாரு."

அம்மா சொன்னது சரி. ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை நல்லையாவிடம் முதலில் போனோம். அண்ணன் படியேறியதும் வாய் தானாகத் திறந்தது.

"எப்படி இருக்கீங்க, சாப்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. வாங்க தம்பி, உக்காருங்க."

கோப்பி வந்தது. வீட்டுக்கோ கடைக்கோ வந்தவர் குடிக்காமல் விஷயத்தைச் சொல்வது எங்கள் ஆட்களிடம் மரியாதைக் குறைவு. அண்ணன் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் அவர் முதுகில் கிள்ளினேன்.

"வீட்டுல... ஆஸ்பத்திரியில இருக்கா," என்றார்.

"ஐயோ பாவம். கவலப்படாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும். ஏதாவதுன்னா சொல்லுங்க."

"அதான் சொல்ல வந்தேன். ரத்தம் வேணுமாம்."

நல்லையா அளவுகோலை எடுத்து வைத்தார். திரும்ப எடுத்தார். "எனக்குச் சர்க்கரை தம்பி. வேற ஏதாவதுன்னா சொல்லுங்க."

அடுத்து அப்பாசாமி வீடு. அங்கும் கோப்பி. ரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். வெளியே வந்தபோது பத்தரை. அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, நேரா கேட்டாத்தான் என்ன?"

"வாய் வரமாட்டேங்குது கோகிலா," என்றார். குழந்தை மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அப்போதுதான் அவருடைய பஸ்ஸே வந்தது. அவருக்குப் பதிலாக வந்த கண்டக்டர் முன்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே முப்பது பேர். அத்தனை பேருக்கும் அவர் வருசக்கணக்காக 'நான் இருக்கேன்' சொன்னவர். ஏறினோம்.

"என்ன கண்டக்டரே, லீவா? எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்," என்றார் அண்ணன். நாலு பேர் கேட்டார்கள். நாலு பேருக்கும் நல்லா இருக்கேன். கண்ணில் தண்ணீர் நின்றது. வாய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது.

நான் பின்படிக்குப் போனேன். அவர் குரலில் கத்தினேன்: "நிறுத்து!"

பஸ் குலுங்கி நின்றது.

"என் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா. ரத்தம் வேணும். யார் வர்றீங்க?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இல்லை, நான் சொல்லலை" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமா," என்றார். "யாராவது வாங்க."

பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஒரு ஆள் செருப்பை ஆராய்ந்தார். கடைசி வரிசையில் செட்டி வீட்டுப் பொன்னையா மட்டும் பக்கத்து ஆளிடம் மலாயில் என்னவென்று கேட்டார். எங்கள் ஊர்ச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள், தமிழ் ஓடாது. அண்ணனுடைய தட்டுகள் எதுவும் இத்தனை நாள் அவருக்குப் புரிந்ததேயில்லை. கேட்டு முடித்ததும் எழுந்தார். "மாரி" என்றார். 'வாங்க போகலாம்', அவ்வளவுதான்.

தேவதாஸ் அண்ணன் வழியில் எங்கும் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள் திட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில்தான் பஸ் நின்றது.

பொன்னையா ரத்தம் சேர்ந்தது. வேறு யாரும் வரவில்லை. அந்த ஒரு புட்டியோடு கதவை மூடிக்கொண்டார்கள். அண்ணன் பெஞ்சில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணிக்கு நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்தாள்.

"கவலப்படாதீங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கே வலித்தது.

"மெய்யாவா மிஸ்ஸி, இல்ல சும்மா சொல்றீங்களா?"

அவள் கையை உருவப் பார்த்தாள். அவர் விடவில்லை. அவள் ஒரு முறை கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கிப்போய், "தெரியல அண்ணே. ரத்தப்போக்கு குறைஞ்சிருக்கு, இன்னும் முழுசா நிக்கல. கண்ணத் தொறந்து பிள்ளையக் கேட்டாங்க. அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

"பிள்ளையக் கேட்டாளா?"

"கேட்டாங்க."

அப்போதுதான் அவர் கையை விட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கையில் பஞ்சைக் கட்டிக்கொண்டு பொன்னையா இருந்தார். அண்ணன் அவரிடம் என்னவோ சொல்ல வாய் திறந்தார், மூன்று தட்டில் ஒன்றும் ஓடவில்லை. நான் கைத்துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.