அம்மா நிற்கிற டிஸ்க்

தவமணி அண்ணன் போய்விட்டார்.

அருப்புக்கோட்டையில் வீடியோ கடை வைத்திருந்தாரே, அந்தத் தவமணி அண்ணன். காலையில் நெஞ்சுவலி என்று மதுரைக்குக் காரில் கூட்டிப் போயிருக்கிறார்கள்... காரியாபட்டி தாண்டவில்லை.

திருச்சுழி பக்கம் நிறையப் பேர் வீட்டு பீரோவில் அவர் ரைட் பண்ணிக் கொடுத்த கல்யாண டிஸ்க் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பற்றி இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

நான் ஸ்கூல் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். என்னைப் படிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது, பத்திரிகையோடு வீரசோழன் வரைக்கும் பஸ்ஸில் அலைந்தது எல்லாம் அம்மா.

கல்யாணத்தன்று மட்டும் அம்மா பந்தி பக்கம் போய்விட வேண்டுமாம். புருஷன் இல்லாதவள் தாலி கட்டும்போது மேடையில் நிற்கக்கூடாது என்று பெரியப்பா உத்தரவு. அம்மாவும் இலை போடப் போய்விட்டாள். மணையில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய...

மேளக்காரர்கள் ரெடி. தாலித் தட்டு சுற்றி வந்துவிட்டது. அப்போது பார்த்து அண்ணன் கேமராவை இறக்கி, லைட்டை அணைத்தார்.

"என்னப்பா, லைட்டப் போடு. முகூர்த்தம் போகுது." பெரியப்பா.

"பொண்ணோட அம்மாவக் காணோமே ஐயா. அவுக வரட்டும், போடுறேன்."

"அவுக வரமாட்டாக. நீ எடு."

"இது ஹெச்டி கேமரா ஐயா. யாரு இல்லைங்கிறதும் பளிச்சுன்னு தெரியும். நாளைக்கு எங்கிட்டத்தான் கேப்பாக, பொண்ணோட அம்மா எங்கன்னு."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். என் மாமியார்தான், "கூட்டியாங்கப்பா, நேரமாகுதுல்ல" என்றார்.

இலை போட்டுக்கொண்டிருந்த ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அம்மா வந்தாள். லைட் எரிந்தது. அதற்கப்புறம்தான் எனக்குத் தாலி கட்டினார்கள்.

பெரியப்பா அத்தோடு விடுகிற ஆளா?

டிஸ்க் வாங்க நான் கடைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னாடியே அங்கே உட்கார்ந்திருந்தார். "தாலி கட்டுற இடத்துல அவள மட்டும் வெட்டி எடுத்துரு. நாலு பேரு பாக்குறது."

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார்.

"உக்காருங்கய்யா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார், டிரைவ் சுற்ற ஆரம்பித்தது. பெரியப்பா டீ குடித்தார், பேப்பர் படித்தார், இன்னொரு டீயும் குடித்தார். டிஸ்க் வெளியே வந்தது.

"வெட்டியாச்சா?"

"ரைட் பண்ணியாச்சுய்யா. இனி அழிக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அம்மா நிக்கிறாக."

"அப்ப வேற டிஸ்க்குல போடு."

"போடுவோம்யா. அதுலயும் அவுக நிப்பாக."

பெரியப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பென்டிரைவிலேயே கொடுத்திருக்கலாமே அண்ணே என்று கேட்டேன். "அதுல குடுத்தா ஒங்க பெரியப்பா மருமகனே வெட்டிப்புடுவான்மா. கம்ப்யூட்டர் படிச்ச பய."

அது ஹெச்டி படம் பதிகிற ப்ளூரே டிஸ்க், அதற்குத் தனி பிளேயர் வேண்டும். எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் அதை வெளியே துப்பிவிட்டது. அண்ணன் கடை பிளேயரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து, டிவியில் மாட்டி, அந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

என் பின்னாடி அம்மா. கை நிறைய அட்சதை. கண்ணில் தண்ணீர் நிற்பது வரைக்கும் தெரிகிறது.

அம்மா டிவிக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். "எனக்கு இம்புட்டு நரச்சுருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்றைக்கு மத்தியானம் நானும் அம்மாவும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். அழுகைக்கு நடுவே ஒரு கிழவி அண்ணன் சம்சாரத்தை, எங்கள் அண்ணியைப் பார்த்து, "மக கல்யாணத்தப் பாக்க இவளுக்குக் குடுத்து வைக்கலயே" என்றது.

செத்தது அண்ணன். அண்ணி உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன், அண்ணிக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு" என்று கேட்டுவிட்டேன். சாவு வீட்டில் அப்படிப் பேசலாமா என்றார்கள். பேசினேன். இன்னும் பேசுவேன். கமெண்டில் வந்து யாராவது சம்பிரதாயம் என்று ஆரம்பித்தால் பிளாக்தான்.

அம்மா, அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டவள், நாங்கள் கிளம்புகிற வரைக்கும் விடவில்லை.

வாசலில் அண்ணனின் தோஸ்து ஒருவர் நின்றிருந்தார். காரியாபட்டியில் வீடியோ எடுப்பவர், அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் எடுக்கப்போவது அவர்தான். அண்ணி விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நின்றேன்... அவரே சொன்னார்.

"தேதி தள்ளிப் போனாலும் போகட்டும்மா. அவுக மேடைக்கு வராம நான் லைட்டப் போடமாட்டேன்."

கேட்டுச்சா அண்ணே?

போயிட்டு வாங்க.